வெள்ளியங்கிரிக்குக் கோஷ்டியாகப் போகிறவர்களுக்கு

ஷட்டில் ஆடும் கோஷ்டி என்றால் எல்லா வயதும் கலந்துதான் இருக்கும். எங்களில் வெள்ளியங்கிரிக்குக் கிளம்பிய ஆறு பேரில் இருபத்தாறு வயது ஐ.டி. தம்பியும் உண்டு, நாற்பத்தெட்டு வயதில் பிரஷர் மாத்திரை போடும் பேங்க்காரரும் உண்டு. நடுவில் ஜிம்மே கதி என்று கிடக்கும் இரண்டு பேர், நான், தொண்டாமுத்தூரில் பாக்குத் தோப்பு வைத்திருக்கும் அண்ணன். அண்ணன் வருஷா வருஷம் ஏறுபவர், செருப்புகூடப் போட மாட்டார். கோஷ்டியாக மலை ஏறுவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, அவர் எங்களை மேய்த்த விதத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. பக்தியையும் சித்தர் கதைகளையும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். கால், மூச்சு, பை, நேரம் இவற்றோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கோவையிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் பூண்டி. பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம், செம்மேடு வழியாகப் போக வேண்டும், காந்திபுரத்திலிருந்து பஸ் இருக்கிறது. அடிவாரத்தில் வெள்ளியங்கிரி ஆண்டவர் கோயில். அதன் பின்னாலிருந்து ஏழு மலை தாண்டினால் சுமார் ஆறாயிரம் அடி உயரத்தில் சுயம்பு லிங்கம். பாதை ஒரு வழிக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும். ஆறு கிலோமீட்டர்தானே என்று ஜிம் பையன்கள் சிரித்தார்கள். தார் ரோட்டுக் கணக்கை இந்த மலையில் போடக்கூடாது. வனத்துறை பிப்ரவரியிலிருந்து மே வரைதான் ஏற விடும். சிவராத்திரிக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் கால் வைக்க இடமிருக்காது. கூட்டத்தில் நம் வேகத்தில் நடக்க முடியாது, நிற்க நினைத்த இடத்தில் நிற்கவும் முடியாது. அதனால் பிப்ரவரி கடைசியில் ஒரு வியாழக்கிழமையைப் பிடித்தோம்.

இரவில் ஏறுவதா பகலில் ஏறுவதா என்று வாட்ஸ்அப்பில் ஒரு வாரம் சண்டை. பெரும்பாலானவர்கள் இரவில்தான் ஏறுகிறார்கள். வெயில் இல்லை, உச்சியில் சூரியோதயம் கிடைக்கும். ஆனால் ராத்தூக்கம் போன உடம்போடு மறுநாள் வெயிலில் இறங்க வேண்டும். பகலிலும் ஒரு கஷ்டம் உண்டு, மேல் மலைகளில் நிழல் கிடையாது. கடைசியில் அண்ணன் சொன்னபடி நடுவாக முடிவானது. முந்தின ராத்திரி ஒன்பது மணிக்கே எல்லோரும் படுத்துவிட்டு, விடியற்காலை நாலரைக்கு முதல் படியில் கால் வைப்பது. பாடாய்ப் படுத்தும் முதல் மலை இருட்டிலும் குளிர்ச்சியிலும் முடிந்துவிடும். சாயங்காலம் ஆனை நடமாட்டத்துக்கு முன்னால் கீழே வந்துவிடலாம்.

பேங்க்காரரைக் கூட்டிப்போவதா என்பதில்தான் எனக்குத் தயக்கம். 2024 மார்ச்சில் இந்த மலையில் ஒரே நாளில் மூன்று பேர் இறந்த செய்தி எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. இதயக் கோளாறு, ரத்த அழுத்தம், மூச்சுத் திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையும் ஒவ்வொரு சீசனிலும் சொல்கிறது. அவர் நேராக டாக்டரிடம் போனார். ஈ.சி.ஜி., டிரெட்மில் டெஸ்ட் இரண்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, "மெதுவா போங்க, பேச முடியாத வேகத்துல ஏறாதீங்க" என்று டாக்டர் அனுப்பினார். ஏற்றத்தில் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் அந்த வேகம் சரி, இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் இழுத்தால் அதிகம். இதைவிடச் சுலபமான அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னொன்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். வியர்த்துக் கொட்டும் அந்த ஒரு நாளில் அந்த மாத்திரையை எப்போது போடுவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாமாக நிறுத்தக்கூடாது.

பழக்கத்துக்கு ஷட்டில் போதாது. கோவைக்காரர்களுக்கு மருதமலை இருக்கிறது, எண்ணூறுக்கும் மேற்பட்ட படிகள். ஒரு மாதம் வாரம் இரண்டு நாள் ஏறினோம். ஏறிவிட்டுக் கோயில் பஸ்ஸில் இறங்கப் பார்த்தவர்களை அண்ணன் விடவில்லை. "எறங்கறதுக்குத்தாங் கண்ணு இந்தப் பழக்கமே" என்று நடத்தியே கூட்டி வந்தார். ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. மறுநாள் வலி வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையால்தான். அதற்கு முன்கூட்டியே பழகிய தசைக்குச் சேதாரம் குறைவு.

அடிவாரத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் கவரில் இருக்கும் பிஸ்கட்டையெல்லாம் பிரித்துக் காகிதத்துக்கு மாற்றச் சொல்வார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி 20 ரூபாய் வாங்கிக்கொள்வார்கள், திரும்பி வந்து காட்டினால் பணம் கிடைக்கும். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு கோஷ்டி டார்ச் வெளிச்சத்தில் பதினைந்து பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தது. வீட்டிலேயே துணிப்பையிலும் டப்பாவிலும் கட்டிக்கொண்டு வந்தால் இந்த அரை மணி நேரம் மிச்சம். நாங்கள் கொண்டுபோனது வாழையிலையில் கட்டிய புளியோதரை, கடலை மிட்டாய், பேரீச்சை, உப்பில் ஊறிய நெல்லிக்காய், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். நெல்லிக்காய்க்கு ஐந்தாவது மலையில் இருந்த கிராக்கியைச் சொல்லி மாளாது. வழியில் சுக்கு காப்பி, எலுமிச்சை சோடா, வெள்ளரிக்காய் விற்கும் சின்னக் கடைகள் உண்டு. உயரம் ஏற ஏற விலையும் ஏறும். அதைச் சுமந்து வந்த முதுகை நினைத்தால் பேரம் பேச வாய் வராது.

மூங்கில் தடி அடிவாரத்தில் விற்கிறார்கள். கைக்கு வந்ததை எடுக்கக்கூடாது. தரையில் ஊன்றி உடம்பின் பாரத்தை முழுக்கச் சாய்த்துப் பார்க்க வேண்டும். வில்லாக வளைந்தால் வேண்டாம். கணுக்களில் முள் நீட்டிக்கொண்டிருந்தால் பத்தே நிமிஷத்தில் உள்ளங்கை கிழியும். உயரம் நெஞ்சளவு இருக்கட்டும், இறங்கும்போது இரண்டு படி கீழே ஊன்ற அந்த நீளம் வேண்டும். வெளிச்சத்துக்கு செல்போன் டார்ச்சை நம்பினால் ஒரு கை அதற்கே போய்விடும். இன்னொரு கையில் தடி. வழுக்கினால் பிடிக்கக் கை இருக்காது. தலையில் மாட்டும் டார்ச்தான் சரி.

முதல் படியிலேயே அண்ணன் வரிசை போட்டார். பேங்க்காரர் முதலில். அவருக்குப் பின்னால் நாங்கள். கடைசியில் அண்ணன். "அவரத் தாண்டி யாராச்சும் ஒரு எட்டு வெச்சீங்கன்னா, நாம இங்கயே திரும்பிக்கலாங்." ஜிம் பையன்களுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் அந்த வரிசையின் அருமை ஒரு மணி நேரத்திலேயே தெரிந்தது. கோஷ்டியில் மெதுவாக நடப்பவரைப் பின்னால் விட்டால் என்ன ஆகும்? முன்னால் போனவர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். அவர் இரைக்க இரைக்க வந்து சேரும்போது, "வந்துட்டாரு, கெளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடைக்காது. தேவைப்படாதவர்களுக்கு ஏகப்பட்ட ஓய்வு. பின்தங்கிவிட்டோம் என்ற கூச்சத்தில் அவர் வேகத்தைக் கூட்டுவார், ஆபத்து வருவது அங்கேதான். அவரே முன்னால் நடந்தால் வேகம் அவருடையது, நிற்பதும் அவர் முடிவு.

முதல் மலை முழுக்கக் கல் படி. ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம், சில இடத்தில் முழங்கால் அளவு. வெள்ளைப் பிள்ளையார் கோயில் வருவதற்குள்ளேயே "இதுக்கு மேல முடியாது" என்று உட்கார்ந்துவிட்ட பலரைத் தாண்டினோம். பெரும்பாலும் இளவட்டங்கள், அடிவாரத்தில் எங்களைத் தாண்டி ஓடியவர்கள். பேங்க்காரர் ஐம்பது படிக்கு ஒரு தடவை தடியில் சாய்ந்து நின்றார். உட்காரவில்லை. உட்கார்ந்து எழுவதற்கே தொடையில் சத்து போகிறது என்பது அண்ணன் கணக்கு. சின்ன நிறுத்தமெல்லாம் நின்றபடி, உட்காருவது மலைக்கு ஒரு தடவை.

இரண்டாவது மலையில் வழுக்குப்பாறை, பாறையிலேயே படி செதுக்கியிருக்கிறார்கள். பெயர்தான் பயமுறுத்தும். காய்ந்திருக்கும்போது ஒன்றுமில்லை, தூறல் விழுந்திருந்தால் கதை வேறு. அங்கே பொழுது விடிந்தது. விடிந்த வெளிச்சத்தில் பார்த்தால் ஐ.டி. தம்பியின் முகம் வெளுத்திருந்தது. கைதட்டி சுனைப் பக்கம் வந்ததும் வாந்தி. விசாரித்தால், முந்தின ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லோரும் படுத்தபோது அவன் அமெரிக்க கிளையன்ட்டோடு போனில் பேசிக்கொண்டு இருந்திருக்கிறான். கண்ணே மூடவில்லை. எங்களில் நுரையீரல் பலம் அவனுக்குத்தான், மராத்தான் எல்லாம் ஓடியவன். நாங்கள் பயந்தது நாற்பத்தெட்டு வயதுக்காரரைப் பற்றி, படுத்தது இருபத்தாறு.

திரும்பிப் போவது பற்றிக் கிளம்பும் முன்பே ஒரு பேச்சு வைத்திருந்தோம். அதனால் சங்கடம் வரவில்லை. யாருக்கு முடியவில்லையென்றாலும் காரணம் கேட்கக்கூடாது, கேலி கூடாது, தனியாக அனுப்பக்கூடாது. ஜிம் பையன்களில் ஒருவன் தானாகவே துணைக்கு எழுந்தான். அப்போதுதான் கார் சாவி யாரிடம் என்ற கேள்வி வந்தது. நல்லவேளை, அண்ணன் இரண்டாவது சாவியையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். இறங்குகிறவர்களிடம் கார் சாவி, கொஞ்சம் ரொக்கம், சார்ஜ் உள்ள போன் மூன்றும் இருக்க வேண்டும். மலையில் சிக்னல் வரும், போகும். "கீழே போனதும் கூப்பிடு" என்பதை நம்பாமல், இத்தனை மணிக்குக் கோயில் மண்டபத்தில் இருப்போம் என்று பேசிப் பிரிந்தோம்.

கைதட்டி சுனையில் கை தட்டினால் தண்ணீர் சொட்டும் என்பார்கள். எல்லோரும் தட்டினார்கள், சொட்டியது. தட்டாதபோதும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. அதைச் சொன்னதற்கு அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

நாலாவது மலையில் ஒட்டர் சமாதி, ஐந்தாவதில் பீமன் களியுருண்டை என்கிற பாறை. இந்த இரண்டு மலையும் ஒப்பிட்டால் சாது. காடு விலகி வெட்டவெளி ஆரம்பிக்கும், வெயில் நேராகத் தலையில் இறங்கும். பாதை சுலபமானதும் வரிசை கலைந்தது. மிச்சமிருந்த ஜிம் பையன், "முன்னாடி போய் வெயிட் பண்றேன்" என்று கிளம்பிவிட்டான். கொஞ்ச நேரத்தில் பேங்க்காரருக்குத் தொடையில் தசை பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பாறையில் சாய்ந்துவிட்டார். தொடை முன்பக்கத்தில் தசை ஒரு கட்டியாக எழும்பி நின்றது கண்ணுக்கே தெரிந்தது. முழங்காலை மடக்கி, குதிகாலைப் பின்னால் இழுத்துப் பிடித்துத் தளர்த்தினோம். கெண்டைக்காலில் பிடித்தால் இதற்கு மாறாக, காலை நீட்டிப் பாதத்தை முகத்துப் பக்கம் இழுக்க வேண்டும். அடுத்து ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாம் என்றால், மருந்துப் பை ஜிம் பையன் முதுகில், அரை கிலோமீட்டர் முன்னால்!

திருப்பூரிலிருந்து வந்திருந்த ஒரு கோஷ்டி எலுமிச்சையும் உப்பும் கொடுத்தது. கால் மணி நேரத்தில் அவர் எழுந்தார். அண்ணன் ஜிம் பையனைத் திட்டவில்லை. அவனைப் பிடித்ததும் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான். மருந்துப் பை எப்போதும் கடைசி ஆளிடம். சிக்கல் ஏற்படுகிறவர் அநேகமாகப் பின்னால்தான் இருப்பார். அதைவிட நல்லது, ஆளுக்கு ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அவரவர் சட்டைப் பையிலேயே இருப்பது. அதைக் கரைப்பதிலும் கவனம் வேண்டும். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கானது, அதை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் உப்பு மிஞ்சி தாகமும் குமட்டலும் கூடும். 200 மில்லிக்கான சின்ன பாக்கெட் கிடைக்கிறது, மலைக்கு அதுதான் வசதி.

தசைப்பிடிப்பு உப்போடும் ஓய்வோடும் போகும். நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, பத்து நிமிஷம் உட்கார்ந்தும் அடங்காத மூச்சிரைப்பு இவற்றில் ஒன்று வந்தாலும் ஏற்றம் அதோடு முடிந்தது. கேஸ் பிடித்திருக்கும் என்று சோடா குடித்துவிட்டு நடக்கக்கூடாது. 108 ஆம்புலன்ஸ் பூண்டி வரைதான் வரும். ஐந்தாவது மலையிலிருந்து அதுவரைக்கும் மனிதத் தோளில்தான் வர வேண்டும், அதற்குப் பல மணி நேரம் ஆகும்.

ஆறாவது மலை இறக்கம். இங்கேதான் பலர் கணக்குத் தவறுகிறார்கள். இறங்குவது சுகமாக இருக்கிறது, கீழே ஆண்டி சுனை, ஐஸ் மாதிரி தண்ணீர், குளித்துக் கும்மாளம் போடுகிறார்கள். உச்சியிலிருந்து திரும்பும்போது இதே இறக்கம் ஏற்றமாக நிற்கும் என்பது மறந்துபோகிறது. தரிசனம் முடிந்தால் இனி இறக்கம்தான் என்று மனதைத் தளர்த்தியவனுக்கு அந்த ஏற்றம் பெரிய தண்டனை. பேங்க்காரரைச் சுனையில் முங்க அண்ணன் விடவில்லை. கொதிக்கும் உடம்போடு சில்லென்ற தண்ணீரில் இறங்கினால் நெஞ்சு திடீரென்று வேலை பார்க்க வேண்டியிருக்கும். முகம், கை, பிடரி நனைத்துக்கொண்டார்.

சுனையில் மணி பார்த்தோம், ஒன்பதே முக்கால். பதினொன்று அடிக்கும்போது எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்புவது என்பது கீழேயே போட்ட ஒப்பந்தம். உச்சி நூறடி தூரத்தில் தெரிந்தாலும் சரி. மேலே நின்றுகொண்டு இந்த முடிவை எடுக்க முடியாது, அந்த நேரத்தில் யாருக்கும் புத்தி நேராக இருக்காது. ஏழாவது மலை புல்லும் பாறையுமாகச் செங்குத்து. சில இடத்தில் கையையும் ஊன்ற வேண்டும். காற்று தள்ளும். பத்தரை தாண்டி உச்சியை அடைந்தோம். மாபெரும் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து தாமே கோபுரமாக நிற்க, நடுவில் குகையில் லிங்கம். பேங்க்காரர் கண் கலங்கியது, நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும். அதோடு காற்று, வியர்வையில் நனைந்த சட்டை. வெடவெடக்க ஐந்து நிமிஷம் போதும். காய்ந்த சட்டை ஒன்று பையில் இருப்பது இங்கேதான் கைகொடுக்கும்.

இறக்கத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. என் அனுபவத்தில் மலையின் பெரிய பாதி அதுதான். கிளம்பும் முன் ஷூ கயிற்றை அவிழ்த்து, கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்ட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு எட்டுக்கும் கட்டைவிரல் முன்னால் போய் இடிக்கும், நகம் கறுத்து ஒரு மாதத்தில் விழும். இரண்டு நாள் முன்பே நகம் வெட்டியிருப்பது நல்லது. வெறுங்காலோடு ஏறுபவர்களுக்கு மத்தியானப் பாறைச் சூடு இறங்கும்போதுதான் தெரியும். அண்ணனே கடைசி மூன்று மலையும் ஓரப் புல்லில் கால் வைத்துத்தான் நடந்தார். எட்டு சின்னதாக, முதலில் தடி, பிறகு கால், முழங்கால் லேசாக மடங்கியபடி. ஜிம் பையன் வழுக்குப்பாறை வரை துள்ளித் துள்ளி இறங்கினான். முதல் மலைப் படிக்கட்டில் அவன் கால் தந்தியடிக்க ஆரம்பித்தது. நின்றால் தொடை தானாக ஆடுகிறது. அந்தப் படிக்கட்டு, ஏறும்போது இருட்டில் கண்ணுக்குத் தெரியாமல் போனது, இறங்கும்போது முடிவே இல்லாமல் நீள்கிறது. கல் வேறு தேய்ந்து வழவழப்பு. அங்கே அவனை முன்னால் நடக்கவிட்டோம். அன்றைக்கு எங்களில் மெதுவாக நடப்பவன் இப்போது அவன்.

நாலு மணிக்குக் கோயில் மண்டபத்தில் தம்பி தூங்கி எழுந்து தெளிவாக உட்கார்ந்திருந்தான். ஸ்டிக்கர் பாட்டில்களைக் காட்டி இருபது இருபது ரூபாயாக வாங்கிக்கொண்டோம். காரையும் அவன்தான் ஓட்டினான், அவன் ஒருவனுக்குத்தான் கிளட்ச் மிதிக்கக் கால் இருந்தது. அப்படி ஒருவர் அமையாவிட்டால் அடிவாரத்தில் இரண்டு மணி நேரமாவது படுத்து எழுந்து கிளம்புங்கள், அல்லது டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள். வலி மறுநாளைவிட அதற்கடுத்த நாள் அதிகம். வழியில் மெடிக்கல் ஷாப்பில் நிறுத்தி ஐபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை மாத்திரை வாங்கப் பார்த்தான் ஜிம் பையன். தண்ணீர் வற்றிய உடம்பில் அந்த வகை மாத்திரை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், பிரஷர் மாத்திரை போடுபவருக்கு இன்னும் மோசம். மஞ்சளாகப் போகும் சிறுநீர் தெளியும் வரை தண்ணீர், தேவைப்பட்டால் பாராசிட்டமால், வெந்நீர் ஒத்தடம். பேங்க்காரர் அதோடு வெள்ளிக்கிழமையும் லீவு எழுதிக் கொடுத்திருந்தார்.